ஐந்து கால் கீபோர்டும் குணவதி அம்மாவின் விரல்களும்

நிலா, போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்ப்பா, பழைய கீபோர்டுல இருக்கிற பிளக்கை வெட்டிட்டு புது பிளக் வைக்கிறதுதானே நீங்க பார்த்த வேலை? அதுக்குப் போய் ஒரு கடை, ஒரு போர்டு, இத்தனை வருஷமா?" உன் தம்பி கதிர் வாயில் இருந்த சோற்றோடு சிரித்துவிட்டான். உங்கள் அம்மா, "நானும் அதையேதான் கேட்டுட்டு இருக்கேன்" என்றாள்.

நானும் சிரித்தேன். ஆனால் கை கழுவும்போது யோசித்தேன். கடையை மூடிச் சாவியைக் கொடுத்தாயிற்று. இனி யாராவது இதே கேள்வியைக் கேட்டால் என் பிள்ளைகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். அழகாக எழுத வராது. நடந்ததை வரிசையாக எழுத வரும்.

முதலில் பதில். பிளக்கை மாற்றுவது வேலை இல்லை. பிளக் என்பது வாசல் கதவு மாதிரி. கதவை மாற்றிவிட்டால் உள்ளே வருகிறவர் பேசும் பாஷை மாறிவிடுமா? பழைய கீபோர்டு ஒரு பாஷை பேசும். உன் லேப்டாப் வேறு பாஷை பேசும். நடுவில் நின்று இருவருக்கும் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்ன சர்க்யூட் போர்டை அந்த ஆளாக நிறுத்திவைப்பதுதான் உன் அப்பா பார்த்த வேலை.

ஐ.டி.ஐ.யில் ரேடியோவும் டிவியும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதை முடித்துத் தாம்பரம் மேற்கில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஏ.சி. அதற்குத்தான், மனிதர்களுக்கு இல்லை. முதல் சில மாதங்கள் நான் தூசி துடைத்தேன், பெட்டி தூக்கினேன், கம்பியின் முனையைச் சீவினேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுத வேண்டியது எங்கள் சர்வீஸ் மேனேஜர் பிலோமினா மேடத்தைப் பற்றி.

குட்டையான உருவம். கஞ்சி போட்ட காட்டன் புடவை. கைப்பையில் குடை இருக்கிறதோ இல்லையோ, மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் இருக்கும். சத்தம் போடவே மாட்டார். எங்களை எல்லாம் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் "சார்" என்பார். "ஏழுமலை சார், கொஞ்சம் வர்றீங்களா?" என்று குரல் வந்தால் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

என்னோடு வேலை பார்த்த பாஸ்கர் ஒருநாள் ஒரு கீபோர்டுக்குப் புதுக் கேபிள் மாற்றினான். சிவப்புக் கம்பி என்றால் மின்சாரம், கறுப்பு என்றால் கிரவுண்டு. ஊரறிந்த விஷயம். அதை நம்பிச் சேர்த்துச் செருகினான். புகை வந்தது. அந்த கீபோர்டைச் செய்தவர்கள் சிவப்பில் வேறு எதையோ அனுப்பியிருந்தார்கள். மேடம் வந்து மோந்து பார்த்தார். "பாஸ்கர் சார், கலர் சொன்னதைக் கேட்டீங்க. மீட்டர் சொன்னதைக் கேட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான். அன்று அவன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. அவன் டப்பாவில் இருந்த வடையை நான்தான் சாப்பிட்டேன்.

அதிலிருந்து எந்த கீபோர்டு வந்தாலும் கம்பியின் நிறத்தைப் பார்க்காதவன் போல நடந்துகொள்ளப் பழகினேன். மின்சாரம் கொடுக்காமல் திறப்பேன். பிளக்கின் ஒவ்வொரு காலிலும் மீட்டரின் ஒரு முனையை வைத்து, உள்ளே அது எங்கே போய்ச் சேருகிறது என்று தேடுவேன். பெரிய உருண்டை பிளக்கில் ஐந்து கால்கள் இருக்கும். ஒன்று மின்சாரம். ஒன்று கிரவுண்டு. ஒன்றில் சேதி போகும். ஒன்றில் தாளம் போகும். தாளம் என்றால் சேதியின் ஒவ்வொரு துண்டையும் எப்போது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தட்டிக் காட்டுவது. மீதி ஒன்று பெரும்பாலும் சும்மா இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், அதையும் அளந்து பார்க்க வேண்டும்.

மேடத்தின் இன்னொரு பழக்கம் எங்களுக்குப் பிடிக்காது. ரிப்பேர் முடிந்து மெஷினைக் கொண்டுபோய் வைத்ததும், "ரெடி" என்ற வார்த்தையை நாங்கள் சொல்லக் கூடாது. உட்கார்ந்து டைப் அடிக்கிறவர் தன் சொந்த வேலையில் ஒரு பக்கம் அடிக்க வேண்டும். நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். "ரெடியா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும் தம்பி? நீயா அதுல தினமும் அடிக்கப் போற?" என்பார். "ஸ்கிரீனைப் பார்க்காதே. அதை அவங்க பார்ப்பாங்க. நீ கையைப் பாரு."

பத்து பேர் நடந்துபோகும் ஆபீஸில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்குகிற மாதிரி இருக்கும். இருந்தாலும் நின்றோம்.

பிறகு காலம் ஓடியது. பெரிய உருண்டை பிளக் போய்ச் சின்ன உருண்டை வந்தது. அதுவும் போய்த் தட்டையான யு.எஸ்.பி. வந்தது. கம்பெனி மூடியது. மேடம் மகனோடு வெளியூர் போய்விட்டார். நான் தாம்பரம் மேற்கில் மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, "பழைய கீபோர்டு புதிய கம்ப்யூட்டரில் இயங்கச் செய்து தரப்படும்" என்று போர்டு வைத்தேன். உன் அம்மா அந்த போர்டைப் படித்துவிட்டு, "இதுக்கு யாருங்க வருவா?" என்றாள்.

வந்தார்கள். மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளிலிருந்து ஐ.டி. பையன்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பழைய கீபோர்டின் கனமும் சத்தமும் வேண்டும். ஒருவன் வாங்கிப்போன வாரமே திரும்பி வந்தான். "அங்கிள், சூப்பரா வேலை செய்யுது. சத்தம் மட்டும் கொஞ்சம் குறைக்க முடியுமா? கீழ் வீட்டுக்காரர் அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாரு." விசைகளுக்கு அடியில் ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் மறுபடி வந்தான். "சத்தம் இல்லாம நல்லாவே இல்ல அங்கிள். எடுத்துடுங்க."

இப்படி விளையாட்டுக்கு வந்தவர்கள் நிறையப் பேர். குணவதி அம்மா விளையாட்டுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நான் பல்லாவரம் சந்தைக்குப் போவேன் என்பது உங்களுக்குத் தெரியும். கிளிக்கூண்டுக்கும் ரோஜாச் செடிக்கும் நடுவில் தார்ப்பாய் விரித்து, பழைய ரிமோட்டும் ஒயருமாகக் குவித்து உட்கார்ந்திருப்பார் யூசுப் பாய். அன்று அவர் தூரத்திலேயே என்னைப் பார்த்துக் கத்தினார்.

"வாப்பா ஏழுமல! இந்தம்மா காலைலேர்ந்து என் உசுர எடுத்துகினு கீது. பழைய கம்ப்யூட்டர் வோணுமாம். அதுவும் பின்னால உருண்டை ஓட்டை வச்சதா வோணுமாம். அதெல்லாம் இப்ப எங்க கீது? நீயே கூட்டினு போ."

"நான் இன்னா உசுரயா எடுத்தேன்? ஓட்டை கீதான்னு கேட்டேன். கேட்டா குத்தமா?" என்றார் பக்கத்தில் நின்ற அம்மா. என் வயது இருக்கும். கையில் துணிக்கடைக் கட்டைப்பை. அதற்குள் குழந்தையைச் சுற்றுவது போலத் துண்டில் சுற்றிய கீபோர்டு. விரித்துக் காட்டினார். கனமான பழைய கீபோர்டு. ஐந்து கால் பிளக். அதன் முனையில் சின்ன உருண்டைக்கு மாற்றும் ஓர் இணைப்பு.

குணவதி அம்மாவுக்கு வீடு கோவிலம்பாக்கம். பல்லாவரத்தில் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன டைப்பிங் கடை. பத்திரம் எழுதுகிறவர்கள் கையால் எழுதிக் கொண்டுவருவதை அவர் டைப் அடித்துக் கொடுப்பார். மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து அவருடைய கம்ப்யூட்டர் போய்விட்டது. மேசைமேல் இருந்த கீபோர்டு தப்பித்தது. புதுக் கம்ப்யூட்டரில் உருண்டை ஓட்டை இல்லை.

"புது கம்ப்யூட்டரோடயே ஒரு கீபோர்டு குடுத்திருப்பாங்களே?" என்று கேட்டேன்.

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டினார். "சுகர் சார். விரல் நுனில உணர்ச்சியே இல்ல. புது கீபோர்டுல அமுக்கினா, பட்டன் உள்ள போச்சா இல்லியான்னு தெரில. தயிர்ல விரல வுட்ட மாதிரி கீது. ஒரு எழுத்து வுழாம பூடுது, ஒரு எழுத்து ரெண்டா வுழுது. இதுன்னா அமுக்கினா திருப்பித் தள்ளும் பாரு, மணிக்கட்டு வரிக்கும் தெரியும். டக்குனு சத்தமும் கேக்கும். பத்திரம் சார் இது. சர்வே நம்பர்ல ஒண்ணு மாறினா ஒருத்தர் நெலம் இன்னொருத்தருக்குப் பூடும்."

பத்திரம் எழுதுகிறவர்கள் அதுவரை பொறுத்திருந்தார்கள். ஆனால் அடுத்து வரும் முகூர்த்த நாளில் பதிவுக்குக் கூட்டம் அலைமோதும். அதற்குள் சரியாகவில்லை என்றால் எதிர்க்கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒருமுறை போன வேலை திரும்பி வராது என்பது அவருக்குத் தெரியும்.

"எம்புள்ள, கடைய மூடிட்டு வூட்டோட இரும்மான்றான். வூட்ல இருந்து? டிவி பாத்துகினு, மருமவ இன்னா சொல்றான்னு கேட்டுகினு? நான் டைப் அடிக்கிறவ சார்."

"குடுங்கம்மா, செஞ்சிடலாம்" என்று வாங்கிக்கொண்டேன். எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படிப்பட்ட கீபோர்டை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

கடைக்கு வந்து திறந்தேன். உள்ளே சிவப்பாக இருந்தது. துரு என்று நினைத்தேன். விரலில் தொட்டுப் பார்த்தால் குங்குமம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, அது விசைகளின் இடுக்கு வழியாக இறங்கி அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தது. இந்த ஊரில் கீபோர்டு திறக்கிற எல்லாருக்கும் பழக்கமான காட்சிதான். போனில் சொன்னேன். "இன்னா சார், சாமி கும்புட்டது தப்பா?" என்றார். "சாமி கும்பிடுங்க. கீபோர்டு மேல மட்டும் பொட்டு வைக்காதீங்க" என்றேன்.

ஒவ்வொரு விசையாகக் கழற்றிச் சுத்தம் செய்தேன். ஐந்து கால்களையும் அளந்தேன். சின்ன போர்டுக்கு வேண்டிய புரோகிராமைச் சுருக்கமாக எழுதி ஏற்றினேன். ஒரு விசையை அமுக்கினால் கீபோர்டு அதன் எண்ணை அனுப்பும். விரலை எடுத்தால், 'விட்டாச்சு' என்று ஓர் அடையாளமும் அதன் பின்னால் அதே எண்ணும் வரும். போர்டு அவற்றை வாங்கிக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். எல்லா விசைகளையும் வலது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக விழுந்தன.

பல்லாவரம் கொண்டுபோய்ச் செருகிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். குணவதி அம்மா சேலைத் தலைப்பால் விசைகளை ஒருமுறை துடைத்துவிட்டு அடித்தார். முதல் வரி நன்றாக வந்தது. இரண்டாவது வரியில் சர்வே எண் 142 என்று அடிக்க வேண்டும். 142222222 என்று ஓடியது. அவர் கையை எடுத்துவிட்டார். அது நிற்கவில்லை. வேறு விசையைத் தட்டிய பிறகுதான் நின்றது.

வாசலில் உட்கார்ந்திருந்த பத்திரம் எழுதுகிறவர் எட்டிப் பார்த்தார். "இன்னா குணா, அர கிரவுண்டு நெலத்த ஆந்திரா வரிக்கும் இழுத்துட்ட?"

அவர் சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

குங்குமம் மிச்சம் இருக்கும், இரண்டாம் எண் விசை ஒட்டிக்கொள்கிறது என்று நினைத்தேன். திரும்பக் கொண்டுவந்து அந்த விசையை இன்னும் நன்றாகத் துடைத்தேன். நூறு தரம் தட்டினேன். ஒருமுறைகூட ஓடவில்லை. மறுபடி பல்லாவரம் போனேன். மறுபடி ஓடியது. இந்த முறை வேறு எழுத்து.

குணவதி அம்மா துண்டை எடுத்து கீபோர்டின்மேல் போட்டு மூடினார். "பரவால்ல சார். நீ உன்னால முடிஞ்சத பண்ண. டீ சாப்டுட்டுப் போ" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மா, துண்டை எடுங்க. இன்னும் ஒரு பக்கம் அடிங்க" என்றேன்.

"எதுக்கு சார், அதுவும் ஓடறதுக்கா?"

"ஓடட்டும். நான் ஸ்கிரீனைப் பார்க்கப் போறதில்ல."

மேசைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். என் கண்ணும் அவர் விரல்களும் ஒரே உயரத்தில் இருந்தன. நல்ல வேகம். பழக்கப்பட்ட கை. பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. நான் ஒரு விசையைத் தட்டியதும் விரலை எடுத்துவிடுவேன். எல்லாரும் அப்படித்தான். அவர் எடுக்கவில்லை. அமுக்கிய விரல் அங்கேயே இருந்தது. ஸ்பிரிங் திருப்பித் தள்ளுவது மணிக்கட்டில் தெரிந்த பிறகுதான் விரல் எழுந்தது. அதற்குள் அடுத்த விரல் அடுத்த விசையை அமுக்கியாயிற்று. கடைசியில் இரண்டு விரல்களும் ஒன்றாக எழுந்தன. அப்படி எழுந்த சில சமயங்களில்தான் எழுத்து ஓடியது.

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு விரல்களும் ஒன்றாக எழுந்தால், இரண்டு 'விட்டாச்சு' சேதிகளும் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். என் போர்டு முதல் சேதியைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவதின் அடையாளம் வந்து தவறிப் போகிறது. கம்ப்யூட்டருக்கு விரல் எடுத்தது தெரியாது. இன்னும் அமுக்கியிருப்பதாக நினைத்து அதே எழுத்தைப் போட்டுக்கொண்டே போகிறது. நான் ஒற்றை விரலால் நூறு தரம் இல்லை, ஆயிரம் தரம் தட்டினாலும் இது தெரிந்திருக்காது. ஒற்றை விரல் எப்படி இரண்டாக எழும்?

"குங்குமம் மேல தப்பில்லம்மா" என்றேன்.

"அதான் நான் அப்பவே சொன்னேன்" என்றார். "எம்மேல தப்பா?"

"உங்க மேலயும் இல்ல. நடுவுல நான் நிக்க வச்ச ஆளு மேல. அவனுக்கு மரியாதை சொல்லிக் குடுக்கல."

பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு சேதி வந்ததும் தாளக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 'கொஞ்சம் பொறு, இதை உள்ளே வைத்துவிட்டு வருகிறேன்' என்று அர்த்தம். கீபோர்டும் பொறுக்கும். அடுத்தடுத்த சேதிகளைத் தன்னிடமே வைத்திருந்து, கம்பியை விட்டதும் வரிசையாகக் கொடுக்கும். நான் சுருக்கி எழுதிய புரோகிராமில் அந்தப் 'பொறு' இல்லை. கீபோர்டுக்குப் பொறுக்கத் தெரியும். பொறு என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

தாம்பரம் திரும்பிவந்து அதைச் சேர்த்தேன். இந்த முறை ஒரு விரலால் சோதிக்கவில்லை. ஆர்மோனியத்தில் கையை வைப்பது போலப் பத்து விரல்களையும் வைத்து, அவர் செய்வது போலத் தாமதித்து, இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக எடுத்துப் பார்த்தேன். எடுக்கத் தாமதிப்பது சுலபம் இல்லை. உணர்ச்சி இருக்கிற விரல் தானாக எழுந்துவிடும். உள்ளங்கையை மேசையோடு அழுத்தி வைத்துப் பழகினேன். எந்த எழுத்தும் ஓடவில்லை.

முகூர்த்த நாள் காலையில் பல்லாவரம் போனபோது கடை வாசலில் செருப்புகள் நிறைய இருந்தன. பட்டுச்சேலை கட்டியவர்கள், கையில் பை வைத்திருந்தவர்கள். குணவதி அம்மா புது கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்தார். நான் செருகினேன். என் போர்டு இருந்த சின்னப் பெட்டியைக் காட்டி, "இதுக்காவது பொட்டு வைக்கலாமா?" என்றார்.

"இது மூடின பெட்டி. வைங்க."

அதற்குப் பொட்டு வைத்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அடிக்க ஆரம்பித்தார். நான் சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

கிரயப் பத்திரம். விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், அப்பா பெயர்கள். விரல்கள் தங்கின, ஒன்றாக எழுந்தன, மறுபடி தங்கின. சர்வே எண் வந்தது. அவர் நிறுத்தி ஸ்கிரீனைப் பார்த்தார். கையெழுத்துத் தாளைப் பார்த்தார். தொடர்ந்தார். நான்கு எல்லைகளும் வந்தன. டக் டக் டக். பக்கம் முடிந்தது. பிரிண்டர் தாளைத் தள்ளியது. அதை எடுத்து வாசலில் இருந்த பத்திரம் எழுதுகிறவரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

குணவதி அம்மா இப்போது 'ரெடி' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். எத்தனை வருஷம் இப்படி நின்றிருக்கிறேன். ரெடி என்பார்கள், ஓ.கே. என்பார்கள், சிலர் தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அடுத்து யாரும்மா? வா, இப்டி ஒக்காரு. சர்வே நம்பரு சொல்லு. மெதுவா சொல்லு" என்றார். விரல்கள் ஏற்கெனவே விசைகளின்மேல் இருந்தன.

வரிசையில் முதலில் நின்ற பெண் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்கும் என்னைப் பார்த்தார்.

"ஏங்க, நீங்க லைன்ல நிக்கிறீங்களா?"

"இல்லீங்க, நீங்க போங்க" என்றேன். "என் வேலை முடிஞ்சுது."